கொழும்புக் கல்லும் காயல் ஓடுகளும்

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் மிங் பேரரசின் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. தலைப்புறத்தில் இரண்டு டிராகன் உருவங்கள்; அவற்றின் கீழே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். 1409ஆம் ஆண்டு பிப்ரவரி 15க்கு இணையான சீன நாள் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தில் இலங்கைக்கு வந்த கல் இது. 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாக, எழுத்துப்புறம் கீழே கவிழ்ந்திருந்த நிலையில், டோமலின் என்னும் பொறியாளர் இதைக் கண்டெடுத்தார். பேரரசரின் பெயரால் வெட்டிய கல்லின்மேல் எத்தனை மாட்டுவண்டிகள் உருண்டனவோ!

மிங் காலத்துப் பண்பாடு என்றதும் உலக அருங்காட்சியகங்கள் நீலப்பூ வேய்ந்த வெண்பீங்கான் சாடிகளையே முன்னிறுத்துகின்றன. தமிழராகிய நமக்கோ இந்தக் கல் அவற்றினும் அரியது. சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்கும், தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாமியர் தொழும் இறைவனுக்கும் அளித்த காணிக்கையைச் சொல்கின்றன. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனைத் தைலம் என்று நீளும் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. சிங்கள மன்னர் ஆண்ட தீவில் நடுவதற்கென்றே வெட்டிய கல்லில் சிங்களம் இல்லை, தமிழ் இருக்கிறது. இக்கடலில் வாணிகம் செய்வோர் எம்மொழியைப் படிப்பர் என்பதைச் சீனர் நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

அவ்வறிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? மன்னார் வளைகுடாவின் இக்கரையை நோக்குவோம். மிங் அரசின் வரலாற்று நூல், செங் ஹோ சென்ற நாடுகளின் வரிசையில் காயலையும் சேர்த்திருக்கிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1292ஆம் ஆண்டையொட்டி இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரைகளோடு வரும் கப்பல்கள் தங்கும் பெருநகரம் என்று காயலைப் போற்றினார். தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகில் உள்ள பழையகாயல் வட்டாரமே அது. ஆறு கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் ஊராகச் சுருங்கிற்று. 1870களில் அங்கே ஆய்வு செய்த கால்டுவெல், நிலமெங்கும் சீனப் பீங்கானின் உடைந்த துண்டுகள் சிதறிக் கிடந்ததைப் பதிவு செய்தார். பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும், 1980களில் நிகழ்ந்த ஆய்வில், பச்சைப் பளபளப்புப் பூசிய சீன ஓடுகளும் நீலச் சித்திரமிட்ட வெள்ளை ஓடுகளும் வெளிப்பட்டன. 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை இவற்றுள் மிகுதி.

சீனச்சட்டியும் சீனக்காரமும் இன்றும் நம் சமையலறைச் சொற்களாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பீங்கானுக்கு ஈடாக இக்கரை எதைக் கொடுத்தது? குதிரைக்கும் பட்டுக்கும் பீங்கானுக்கும் ஈடு தந்த செல்வங்களுள் முத்தே முதன்மையானது. அதைக் கொணர்ந்தவர் எவர் என்பதை எந்தப் பேழையும் சொல்வதில்லை. இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாகப் பார்களில் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பெயர்த்த குளியாள்களே அவர்கள். முத்தில் பத்திலொரு பங்கு அரசனுக்கும், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கும் போயின என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். குளித்தவனுக்கு நாட்கூலி போலச் சிறு தொகை. (கடல்கட்டி எனப்பட்ட அப்பதவி நெடுங்காலம் நீடித்தது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைச் சலாபத்தைப் பற்றி எழுதிய டென்னன்ட், அப்போதைய கடல்கட்டி கத்தோலிக்கர் என்று வியப்போடு குறிக்கிறார்.)

அக்கல்லின் சமரசத்தைக் கண்டு நாம் மிகவும் உருகிவிட வேண்டியதில்லை. அதே பயணத்தின் முடிவில், 1411இல், செங் ஹோவின் படை இலங்கைத் தலைவர் அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றது. காணிக்கை பெற்ற தேனாவரைக் கோயிலையோ 1588இல் போர்த்துகீசியர் இடித்தழித்தனர். நம் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றதும், தங்களைக் காக்க வந்தவர் என்று நம்பியதும் அதே போர்த்துகீசியரைத்தான். இவ்விரண்டும் ஒரே நூற்றாண்டின் நிகழ்ச்சிகள். ஒன்றை நினைவில் வைத்து மற்றொன்றை மறப்பது வரலாறாகாது.

1433க்குப் பிறகு மிங் அரசு பெரும் பயணங்களை நிறுத்தியது. அயலார் நுழைவதற்கும் கடுமையான தடைகளை விதித்தது. அத்தடையின் விளைவைத் தம் வாழ்வின் இறுதியில் அனுபவித்தவர், முத்துக்குளித்துறை மக்கள் நன்கறிந்த தூய சவேரியார். 1542இல் இக்கரைக்கு வந்து குளியாள்களின் குடிசைகளில் மணியடித்துச் செபம் கற்பித்த அவர், பத்தாண்டுகள் கழித்துச் சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியான் தீவில் காத்திருந்தார். மறைவாகக் காண்டன் நகருக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்த சீன வணிகன் வரவில்லை. 1552 டிசம்பர் 3ஆம் நாள் அவர் அங்கேயே காய்ச்சலில் இறந்தார்.

தூத்துக்குடியில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குளியாளின் கல்லையும் கயிற்றையும் காயல் மண்ணிலிருந்து வந்த ஒரு பீங்கான் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதற்கு ஈடாக வந்தது என்று இரண்டு வரி எழுதிய ஒரு கண்ணாடிப் பேழை நம் நகரில் அமைந்தால், கொழும்புக் கல்லின் தமிழ்ப் பகுதி சொல்லாமல் விட்டது இக்கரையில் படிக்கக் கிடைக்கும்.