கோயிலுக்குள் ஒரு சுவர்

புதுச்சேரியில் நடந்தது எதையும் விடாமல் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1745 அக்டோபரில் ஒரு சுவரைப் பற்றியும் எழுதினார். இயேசு சபையாரின் சம்பாக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவர் அது. எங்களையும் சீடராக்கிக்கொண்டபின் இந்த வேற்றுமை எதற்கு என்று பறையர்கள் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். சாமியாரால் பதில் சொல்ல முடியவில்லை, சுவர் இடிந்தது. மறுகணமே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிள்ளை வைணவர், இதில் அவருக்கு லாபமுமில்லை நட்டமுமில்லை. வேடிக்கை பார்ப்பவரின் கவனத்தோடு எல்லாவற்றையும் குறித்துவைத்தார்.

அந்தச் சுவருக்குப் பின்னால் ரோமாபுரிவரை நீண்ட ஒரு வழக்கு இருந்தது. 1703இல் புதுச்சேரி வந்த பாப்பரசரின் தூதர் தூர்நோன், 1704இல், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே போய்த் திருவருட்சாதனங்கள் கொடுக்கவேண்டும் என்று ஆணையிட்டார். பறையர் வீட்டு வாசலை மிதித்த சாமியாரை மேல்சாதியார் தங்கள் வாசலில் ஏற்க மாட்டார்கள் என்பது இயேசு சபையாரின் கவலை. இழுபறி நாற்பது ஆண்டு நீடித்தது. கடைசியில் பறையருக்கென்றே தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் ஏற்றார். மறையுரையில் எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். சாமியார்கள் மட்டும் இரண்டு வகை.

சீர்திருத்தச் சபையாரும் இதில் ஒன்றும் மேலானவர்களல்லர். தஞ்சைப் பகுதியில் லுத்தரன் மிஷனுக்காகப் பல்லாண்டு உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன் பறையர். அவர் கையால் மற்றச் சாதியார் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று கருதி, மிஷனரிகள் அவருக்குக் குருப்பட்டமே கொடுக்கவில்லை. 1733இல் அபிஷேகம் பெற்ற முதல் தமிழ் லுத்தரன் போதகரான ஆரோன் வெள்ளாளர்.

தஞ்சாவூரில் இந்தப் பேச்சு இன்னும் சிக்கலானது. 1820களின் இறுதியில் வந்த இளம் மிஷனரிகள் எல்லாச் சாதியாரையும் கலந்து உட்காரவைக்க முயன்றபோது எதிர்த்து நின்றவர் சாமானியரல்லர்: பழைய மிஷனரி ஷ்வார்ட்ஸின் மாணவரும், சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவரும், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவருமான வேதநாயக சாஸ்திரியார். மிஷனரிகளின் கொடுமைகள் என்று அவர் அடுக்கியவை நான்கு. பழகிய வேதமொழிபெயர்ப்பைத் தள்ளிப் புதியதைத் திணித்தது, நற்கருணையில் சாதிகளைக் கலந்தது, பண்டிகைக்குப் பூ வைக்கக் கூடாதென்றது, தமிழ்ப் பாட்டை நிறுத்தியது. இதில் மூன்றை இன்றைய வாசகர் தயங்காமல் ஒப்புக்கொள்வார். இரண்டாவதில்தான் தொண்டை அடைக்கும். சாஸ்திரியாருக்கோ நான்கும் ஒன்றே. பூவும் பாட்டும் போலச் சாதியும் நாட்டு வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதம். பண்பாடு என்ற போர்வைக்குள் சாதியையும் சேர்த்துச் சுற்றிவைக்கும் சாமர்த்தியம் அன்றோடு முடிந்துபோகவில்லை.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனடியாகவும் அடியோடும் விட்டுவிட வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பினார். விளைவு, பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. பின்னாளில் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இவ்விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இருந்ததால் தஞ்சைப் பகுதியில் அதற்கு ஆட்கள் சுலபமாகக் கிடைத்தார்கள்.

இந்த வரலாற்றின் உச்சம் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் இருக்கிறது. வடக்கன்குளம் கத்தோலிக்கர்களுக்குப் பழைய பெருமை கொண்ட ஊர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்டன் 1745இல் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அந்த ஊரில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடம் பங்கிடும் சண்டை ஓயாததால், 1872இல் கட்டிடக் கலையே சமரசம் பேசியது. பீடத்திலிருந்து இரண்டாகப் பிரிந்து விரியும் கால்சட்டை வடிவக் கோயில் எழுந்தது. ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். பூசை வைக்கும் சாமியாரை இரு தரப்பும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. இத்தனை சிந்தித்துக் கட்டிய கொத்தனாரின் திறமையை மெச்சத்தான் வேண்டும்.

1910இல் பங்குச் சாமியார் கௌசானல் அந்தத் தடுப்பை உடைத்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டது பிரிவினை மட்டுமல்ல, கோயிலே எங்களுடையது, வழிபாட்டு உரிமை எங்களுக்கே என்று. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை நடந்தது. அவர்கள் தோற்றார்கள்.

ஆனால் அந்த வழக்கு சாகவில்லை. மதம் மாறியவர் சாதியை இழக்கிறாரா என்ற தேர்தல் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தென்னிந்தியாவில் கிறிஸ்தவரானபின்னும் சாதி தொடர்வதற்கான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக வடக்கன்குளத்து வழக்கையும் சொன்னது. அடுத்த பத்தாண்டுக்குள் காட்சி மாறியது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒருவருக்கு, பட்டியல் சாதியாருக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை கிடைக்கவில்லை, அவர் கிறிஸ்தவர் என்பதால். புதிய மதத்திலும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவப்படவில்லை என்று சொல்லி 1985இல் அதே நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. நிறுவ வேண்டுமென்றால் திருச்சிக்குப் போயிருக்கலாம். மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர் அப்போதும் நின்றது.

2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களைச் சந்தித்த பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், திருச்சபைக்குள் சாதி பார்ப்பதை நேரடியாகக் கண்டித்தார். ஐந்தே ஆண்டில், 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, இருவர் இறந்தார்கள். 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதரானபோது, அதற்கு முன்பே எழுந்த கோரிக்கையை ஏற்று, ‘பிள்ளை’ என்ற சாதி ஒட்டை வத்திக்கான் பெயரிலிருந்து நீக்கியிருந்தது.

அந்தப் பெட்டிக்கடை மறுக்கப்பட அடிப்படையாக இருந்த, 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது நீண்டது. கிறிஸ்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். எங்களுக்குள் சாதி இருக்கிறது என்று அன்றைக்கு மேடையேறிச் சொல்கிறார்கள் ஆயர்கள். மேடைக்குக் கீழே நிற்கும் தலித் கிறிஸ்தவ இயக்கங்கள், அப்படியானால் ஆயர் பதவிகளில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று அவர்களிடமே கேட்கின்றன.