தப்பும் மேடையும்: மலையகத்தில் கலைஞரைப் போற்றும் முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசைச் சுவைஞர் கூடுமிடத்துப் பேச்சு பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே நிகழும். நேரிற் கேட்ட நிகழ்ச்சி ஒன்று. முதுமை எய்தியும் மேடையேறும் கலைஞர் மற்றொன்று. அவருக்குச் செய்யும் அஞ்சலி பிறிதொன்று. மேனாட்டு றொக் இசை விரும்பிகளிடத்து இவ்வழக்கம் மிகுதியாக உண்டு. இம்மூன்றையும் ஹட்டன் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பொருத்திப் பார்ப்பது வலிந்த முயற்சியன்று. ஏனெனில், றொக் இசையின் வேர்களுள் ஒன்றும் தோட்டத்திலேயே உள்ளது.

அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதிப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் பாடல்களிலிருந்து புளூஸ் இசை கிளைத்தது. 1941 இல் ஸ்டோவல் தோட்டத்திற்கு வந்த அலன் லோமக்ஸ், அங்கு உழைத்துக்கொண்டிருந்த மடி வோட்டர்ஸ் என்பாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். 1943 இல் சிக்காகோ நகருக்குச் சென்ற அப்பாடகர், 1950 இல் வெளியிட்ட பாடலொன்றின் பெயரையே 1962 இல் இலண்டன் இளைஞர் சிலர் தம் குழுவிற்குச் சூட்டிக்கொண்டனர். அதுவே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவாகும். உலகப் புகழ் பெற்ற அவர்கள் 1981 நவம்பர் 22 ஆந் திகதி சிக்காகோவின் சிறு விடுதியொன்றில் அம்முதியவரோடு ஒரே மேடையிற் பாடினர். அதன்பின் இரண்டாண்டுகளுக்குள், 1983 இல், அவர் மறைந்தார். மலர்வளையத்திற்கு முன்னரே செய்யப்பட்ட அஞ்சலி அது.

இனி, நம் மலைகளுக்கு வருவோம். தென் கரோலினாவில் 1739 இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததை அடுத்து, 1740 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் முரசு கொட்டுவதைத் தடைசெய்தது. மலையகத்தில் நிகழ்ந்தது வேறு. இங்கே தோட்ட நிருவாகம் முரசைத் தடுக்கவில்லை. தனக்கு ஏவலாக்கிக் கொண்டது. விடியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பிரட்டுக்களத்திற்கு அழைத்தது தப்பு. அதே தப்புத்தான் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் ஒலித்தது; மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியையும் மதனையும் ஆட்டுவித்தது. துரையின் நேரத்தை அறிவித்த கருவியே மக்களின் சொந்த இரவுகளுக்கும் தாளமாயிற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

கூத்துக் களத்தோடு அரசியல் மேடையும் இணைந்த காலம் ஒன்றுண்டு. கோ. நடேசய்யர் 1931 இல் ஹட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். 1936 இல் ஹட்டன் தொகுதியினின்று அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிற் பாடித் தொழிலாளரை ஈர்த்தார். 1940 இல் வெளிவந்த ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்பது அவரது பாடல் நூலாகும். மக்கள் முன்பே அறிந்த மெட்டுக்களில் அவர் புதிய பொருளை ஏற்றினார். எழுத்தறியாதாரும் ஒருமுறை கேட்டதும் உடன்பாட அது வழிவகுத்தது. மேடையிற் பேசுவோன் சொல்வதைக் கூட்டம் கேட்டு மறக்கலாம். பாடுவோள் சொல்வதைக் கூட்டம் லயத்திற்குக் கொண்டு செல்லும்.

அவர்களுக்குப் பின்னரும், சிறு பிரசுரங்களாகப் பாடல்களை அச்சிட்டு, தெருவிற் பாடி விற்ற பாவலர் மலையகத்தில் வாழ்ந்தனர். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டும் அரும்பணியை 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) மேற்கொண்டார். அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவர் மறைவிற்குப் பின்னரே நூலாயிற்று.

இங்கேதான் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா எழுகின்றது. பாடல் தொகுக்கப்பட்டது, பாடியவர் எங்கே? நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இலர் என்று கூறுகின்றோம். அது உண்மையாகலாம். ஆயின், ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட லயத்தில், அதனைப் பாடிய குரலுக்கு உரியவர் ஒருவர் உண்டன்றோ? தப்புக் கலைஞர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கூத்துக்கு அவரின்றி இயலாது. எனினும் சாதியின் பெயரால் அக்கருவி இழிவுக்குள்ளாக்கப்பட்டது. தந்தையின் தப்பைக் கையிலெடுக்க மகன் தயங்குவானாயின் அது கலைப்பற்றுக் குறைவன்று. தந்தை பட்ட அவமதிப்பின் நினைவு. அவ்விழிவை நீக்காமல் விழா மேடையிற் பொன்னாடை மட்டும் போர்த்துவது அஞ்சலியாகாது.

லோமக்ஸ் ஒலிப்பதிவின் பின்விளைவு இவ்விடத்துப் பயன்படும். பதிவான இசைத்தட்டின் இரு படிகளும் இருபது டொலரும் மடி வோட்டர்ஸிடம் சென்று சேர்ந்தன. தொகை சிறிதே. ஆயினும் தன் குரலைத் தான் இசைத்தட்டிற் கேட்டமை, தானும் ஓர் இசைக் கலைஞன் என்ற உறுதியை அவருக்கு அளித்தது.

இந்திய வம்சாவளியினர் மலையகம் வந்ததன் இருநூறாவது ஆண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டது. அந்நினைவு நிலைக்க வேண்டுமாயின், ஆய்வேட்டுக்காகத் தோட்டத்திற்குச் செல்லும் மாணவர் சில கடமைகளை மேற்கொள்ளல் வேண்டும். பாடுபவர் இசைந்தால் அவர் பெயரைப் பாடலின் மேலே எழுதுக. பதிவின் படியொன்றை அவர் கையிற் சேர்ப்பிக்க. ஒருநாட் கொழுந்துச் சம்பளத்தை இழந்து பாடுபவருக்கு அச்சம்பளத்தையேனும் ஈடுசெய்க. நம் பல்கலைக்கழக விழாக்களில் தப்புக் கலைஞர் வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்கும் வழக்கத்தை மாற்றி, நிகழ்ச்சி நிரலில் அவருக்கென ஒரு முழு மணி நேரம் ஒதுக்குக. கலைஞர் உயிரோடிருக்கையில் அவர்முன் அமர்ந்து கேட்பதே அவருக்குச் செய்யத்தக்க முதல் மரியாதை.