ஆற்றின் பாடும் பெண்ணின் பாடும்

‘பாடு’ என்றால் நமக்குத் துன்பம். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஆற்றில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்கிற முறைக்கும் பாடு என்றுதான் பெயர். பாட்டை நடத்துவது ஊர்ப் பஞ்சாயத்து. பழவேற்காட்டில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். இன்று உனக்கு நல்ல மடை கிடைத்தால் நாளை அது எனக்கு. வலைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஒரே ஆள் ஆற்றை வழித்துக்கொண்டு போக முடியாது. மீன்வள மேலாண்மை என்று பாடப்புத்தகங்கள் சொல்வதைக் குப்பத்து மக்கள் தாங்களே நடத்திவந்த ஏற்பாடு இது.

இதைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். நாமும் பாராட்டலாம். ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பழவேற்காட்டுப் பாட்டில் பங்கு பெறத் தலைக்கட்டுக் கணக்கில் வர வேண்டும். தலைக்கட்டு என்பது பட்டினவர் சாதியில் மணமான ஆண். பெண்ணுக்குச் சீட்டு இல்லை. இருளருக்கும் இல்லை.

அப்படியென்றால் பெண்கள் ஆற்றில் இல்லையா? இருக்கிறார்கள், இடுப்பளவு நீரில். இருளர் பெண்கள் வலையின்றி, படகின்றிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பட்டினவர் பெண்களின் வேலை கரையில் தொடங்குகிறது. ஏலம் எடுத்து, கூடை சுமந்து, பெரம்பூர் வரை தெருத்தெருவாய் விற்று, கடனை அடைத்து, வீட்டுக்கு அரிசி வாங்குவது அவர்கள். ஒருத்தி பெண் என்பதால் மட்டும் விலக்கப்படுகிறாள். மற்றவள் பெண் என்பதாலும் சாதியாலும். இரண்டையும் ஒரே குறையாகச் சேர்த்துப் பேசிவிட முடியாது.

இந்த ஆற்றின் பெயர் கொசஸ்தலை. 1944இல் பூண்டியில் அதன் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம்தான் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. எஞ்சிய நீர் மணலிப் பக்கமாய் வந்து எண்ணூரில் கடலைச் சேர்கிறது. முகத்துவாரம்தான் ஆற்று மீன்வளத்தின் உயிர். சால்மன் மீன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆறேறி வரும். நம் வெள்ளை இறால் அதற்கு நேர் எதிர். கடலில் பொரித்த குஞ்சுகள் முகத்துவாரம் வழியே கழிமுகத்துக்குள் வந்து, சேற்றிலும் அலையாத்தி வேரடியிலும் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். வாய் அடைபட்டாலும் அடிச்சேறு கெட்டாலும் ஆற்றில் தடவுகிறவளுக்கும் கடலில் வலை போடுகிறவனுக்கும் ஒருசேர நட்டம்.

சேறு எப்படிக் கெட்டது? 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதன் சாம்பலை நீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் கழிமுகத்தைக் கடந்து செல்கின்றன. குழாய் உடைந்த இடமெல்லாம் சாம்பல் ஆற்றின் அடியில் படிந்தது. 2001இல் துறைமுகம் திறந்தது. கட்டுமானம் தடைசெய்யப்பட்ட கடலோரப் பகுதி என்று 1996ஆம் ஆண்டு வரைபடம் காட்டிய இடத்தில்தான் இவ்வளவும் பெருகின. பிறகு தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி வந்து படர்ந்தது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அது மூடிய சேற்றில் இறால் புதைய இடமில்லை. தடவும் கையையும் மிதிக்கும் காலையும் அதன் ஓடு கிழிக்கிறது. படகில் இருப்பவருக்கு இது வருமானக் குறைவு. பறியோடு இறங்குகிறவளுக்கு உடம்பில் விழும் வெட்டும்கூட.

பெரம்பூரில் இருக்கும் நமக்கு இது அடுத்த ஊர்ச் செய்தி அல்ல. நம் பக்கத்து ஓட்டேரி நல்லா பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கிறது. அந்தக் கால்வாயின் வடபகுதி எண்ணூர் கழிமுகத்தைத் தொடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கசிந்த எண்ணெய் இந்தக் கால்வாய் வழியாகத்தான் ஆற்றுக்குள் போனது. மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய்.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். குடும்பம் இருக்கிறது, படகு இருக்கிறது. பறி இல்லை, மீன்கூடையும் இல்லை. பெண்ணின் உழைப்பு குடும்பம் என்ற சொல்லுக்குள் கரைந்துவிடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுக் கணக்கும் அரசின் நிவாரணக் கணக்கும் வேறு வேறு காலத்தவை, வேறு வேறு கையால் எழுதியவை. ஆனாலும் பெண்ணை விட்ட இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

வேறு வழி இருக்கிறதா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1854–55 ஒப்பந்தங்கள் பூர்வகுடிகளுக்கு ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை தந்திருந்தன. பின்னர் மாநில அரசு, சால்மனைக் காப்பதாகச் சொல்லி அவர்களையே கைது செய்தது. 1964இல் அதை எதிர்த்து அமைப்பு தொடங்கியவர்களில் ஜேனட் மெக்ளவுட் என்ற பெண் முக்கியமானவர். போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1974இல் நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி பூர்வகுடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். அத்தோடு மீன்வளத்தை நிர்வகிப்பதிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் ஆற்றைவிட்டு விலக்கப்பட்டவர்கள் பாதுகாப்பை நடத்துகிறவர்கள் ஆனார்கள்.

எண்ணூரிலும் சட்டத்தின் கதவு திறந்திருக்கிறது. காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில், சாம்பல் மாசுக்கு மின் வாரியமே பொறுப்பு என்று 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கழிமுகத்தைச் சீரமைக்கவும் உத்தரவிட்டது. சீரமைப்பு என்று வரும்போது எங்கே தூர்வாருவது, எவ்வளவு ஆழம், எந்தச் சேற்றைத் தொடக்கூடாது என்பதை யாரிடம் கேட்பார்கள்? படகு போக ஆழம் வேண்டும். கையால் தடவி இறால் பிடிக்க ஆழம் குறைந்த சேறு வேண்டும். இரண்டு தேவையும் ஒன்றல்ல. அந்தச் சேற்றின் தரத்தை நாள்தோறும் விரலால் அறிகிறவள் கூட்டத்தில் இல்லையென்றால், ஆழம் கேட்பவர்களின் குரல் மட்டுமே பதிவாகும்.

ஆகவே பாடு முறையை ஒழி என்று நாம் சொல்லவில்லை. பகிர்ந்து பிடி, அளவாய்ப் பிடி என்ற அதன் அறம் நமக்கு வேண்டும். அந்த அறத்துக்குள் இருளர் பெண்ணின் சேற்றுக்கும் மீன் விற்பவளின் கூடைக்கும் இடம் வேண்டும். மீனவர் பதிவேட்டில் அவர்கள் பெயர் கணவன் பெயருக்குக் கீழே அல்லாமல் தனியாக ஏற வேண்டும். எண்ணூரில் அடுத்த முறை கணக்கெடுக்க வருகிறவர்கள், படகு எத்தனை என்று கேட்பதற்கு முன், பறி எத்தனை என்று கேட்கட்டும்.