தலைப்பாகைக் கட்டியும் ஒரு பெயர்க் குழப்பமும்

தலைப்பைப் பார்த்துவிட்டுத் தலைப்பாகை கட்டுவது எப்படி என்று சொல்லித் தரப்போகிறேன் என நினைத்துவிடாதீர்கள்! இது தோலில் உள்ள சுரப்பிகளைச் சார்ந்து வரும் ஓர் அபூர்வக் கட்டி. உச்சந்தலையில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தொடங்கும். வருடக்கணக்கில் பெருகி, ஒன்றோடொன்று ஒட்டி, சிலருக்குத் தலையையே மூடிவிடும். அதனால்தான் இந்தப் பெயர். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மிக அரிதாக, அந்த உருண்டைகளில் ஒன்று புற்றுநோயாக மாறிவிடும். எது மாறுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1842ல் ஹென்றி ஆன்செல் என்ற ஆங்கிலேய மருத்துவர், தலையிலும் முகத்திலும் கட்டிகள் நிறைந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். வயிற்றுக்குள்ளும் அதே மாதிரி நோய் இருந்ததாக அந்தக் கட்டுரையின் தலைப்பே சொல்கிறது. பரவிய புற்றுநோயா, வேறு ஏதாவதா? இன்று யார் சொல்ல முடியும்!

குழப்பம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். 1850களில் தியோடர் பில்ரோத் (1881ல் புற்றுநோய் வந்த இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக வெட்டி எடுத்தாரே, அவரேதான்) நுண்ணோக்கியில் உருளை உருளையாகத் தெரிந்த ஒரு கட்டிக்கு 'சிலிண்ட்ரோமா' என்று பெயர் வைத்தார். அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வருவது, நிஜமாகவே புற்றுநோய். தலைத்தோல் கட்டியும் நுண்ணோக்கியில் உருளையாகத் தெரிந்ததால் அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பல பத்தாண்டுகள் ஒரே பெயரில் இரண்டு நோய்கள். ஒன்று பெரும்பாலும் சாது, மற்றது நரம்பைப் பிடித்துக்கொண்டு பரவும் ஆள். நோயாளியின் சீட்டில் வெறும் 'சிலிண்ட்ரோமா' என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? போதாக்குறைக்கு, 1899ல் எட்வார்ட் ஸ்பீக்லர் இதை ரத்தக்குழாய்களின் உட்சுவரிலிருந்து வரும் கட்டி வகையில் சேர்த்தார். வியர்வைச் சுரப்பியா, மயிர்க்காலா என்ற வாதம் இன்றும் முழுதாக ஓயவில்லை.

நுண்ணோக்கியில் சாதுவான கட்டி பார்க்க அழகாகவே இருக்கும். செல் கூட்டங்கள் ஜிக்சா புதிர்த் துண்டுகள் போல ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கண்ணாடி போன்ற தடித்த விளிம்பு. கெட்டுப்போகும்போது அந்த விளிம்பு மறையும், புதிர் கலையும், செல்கள் கண்டபடி பிரிந்து பெருகி அக்கம்பக்கத் திசுவுக்குள் நுழையும்.

ஆனால் தலையில் ஐம்பது கட்டி இருந்தால் எதை வெட்டிப் பார்ப்பது? ஆடிட்டிங் வகுப்பில் டெஸ்ட் செக் படித்தோமே, நாலு வவுச்சரைப் பார்த்துவிட்டு மொத்தக் கணக்குக்கும் கருத்து சொல்வது. இங்கே அது செல்லாது. ஒரு கட்டி நல்லது என்றால் அந்த ஒன்று நல்லது, அவ்வளவுதான்.

2000ல் இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பெயர் சிஒய்எல்டி, சிலிண்ட்ரோமாவின் சுருக்கம்தான். பழைய பெயர் அங்கேயும் போய் உட்கார்ந்துகொண்டது! பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆக, குடும்பத்தில் யாருக்குக் கட்டிகள் வரும் என்பதை இன்று ரத்தப் பரிசோதனையில் சொல்லலாம். எந்தக் கட்டி கெடும் என்பதை அது சொல்லாது. அதற்கு, திடீரென வேகமாக வளர்வதை, புண்ணாகி ரத்தம் கசிவதை முதலில் வெட்டி எடுத்து, அந்தக் கண்ணாடி விளிம்பு இன்னும் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில்தான் தேட வேண்டியிருக்கிறது.