கரிசல்காட்டுக்கு வந்த செடிகள்

மலருக்குக் கட்டுரை கேட்டு சீனியர் ஒருவர் போன் செய்தார். "நீதான் நாலு ஊரு சுத்துறவனாச்சே, பயணக் கட்டுரை ஒண்ணு எழுதுல" என்றார். வேலை விஷயமாக எந்த ஊருக்குப் போனாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓய்வு கிடைத்தால் நான் போகும் இடம் அங்குள்ள தாவரவியல் பூங்காதான். கோயில், கடைத்தெரு எல்லாம் அதற்கு அப்புறம். புதியம்புத்தூர்க்காரனுக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஊருக்குள் நுழைந்தால் ரெடிமேட் துணி தைக்கிற மெஷின் சத்தம். ஊரைத் தாண்டினால் பனை, வேம்பு, உடை, அப்புறம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சீமைக் கருவேலம். பெரிய மரத்து நிழல் என்பது எங்களுக்கு வெளியூர்ச் சமாச்சாரம்.

நம் கல்லூரியில் படித்தவர்களில் பாதிப்பேர் முதலில் பார்த்த தாவரவியல் பூங்கா ஊட்டியாகத்தான் இருக்கும். டூர் பஸ்ஸை நிறுத்தி, புல்வெளியில் குரூப் போட்டோ எடுத்து, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம். அந்தப் பூங்காவை அமைத்தவர் 1848-ல் வந்து சேர்ந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் கற்றவர். 1860-ல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனா மரத்தைக் கொண்டுவந்தபோது, அதை நீலகிரியில் வளர்க்கிற பொறுப்பு இதே மெக்ஐவரிடம்தான் வந்தது. மலேரியாவுக்கு மருந்தான குவினைன் அதன் பட்டையில் இருக்கிறது. படை நடத்தவும் ரயில் பாதை போடவும் சர்க்காருக்கு அந்த மருந்து தேவைப்பட்டது.

இதுதான் நண்பர்களே, நான் சொல்ல வந்த விஷயம். இந்தப் பூங்காக்களை வெறும் காற்று வாங்குவதற்காக வைக்கவில்லை. எந்தச் செடி எந்த மண்ணில் பிழைக்கும், அதில் என்ன லாபம் என்று சோதித்துப் பார்த்த இடங்கள் இவை. நம்ம பாஷையில் சொன்னால், ஆர் அண்டு டி டிபார்ட்மெண்ட். ஐரோப்பாவில் இது மருந்துத் தோட்டமாகத் தொடங்கியது; இத்தாலியின் பதுவா நகரத் தோட்டம் 1545-ல் ஏற்பட்டது. நம் நாட்டிலும் ராஜாக்கள் தோட்டம் போட்டார்கள். பெங்களூர் லால்பாக் 1760-ல் ஹைதர் அலி தொடங்கியது. ஆனால் 1787-ல் கர்னல் ராபர்ட் கிட் யோசனைப்படி கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி தோட்டம் போட்டபோது கணக்கு வேறு. கப்பல் கட்டத் தேக்கு, விற்பதற்கு வாசனைப் பொருள்கள். இன்று அங்கே போகிறவர்கள் பெரிய ஆலமரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதன் தாய்மரம் நோய் கண்டு 1925-ல் வெட்டப்பட்டுவிட்டது; விழுதுகளே காடாக நிற்கின்றன. பார்க்க வேண்டிய காட்சிதான், சந்தேகமில்லை.

என்னை உலுக்கியது கல்கத்தா அல்ல, பேராதனை. கண்டிக்குப் பக்கத்தில், மகாவலி கங்கை வளைத்து ஓடுகிற 147 ஏக்கர். 1821-ல் ஏற்பட்ட தோட்டம். ராஜபனை வரிசை, ஆர்க்கிட் வீடு, கிளையெல்லாம் வௌவால் தொங்கும் மரங்கள் என்று நாள் முழுக்கச் சுற்றலாம். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது வேறு. 1824-லேயே இங்கே தேயிலைச் செடி சீனாவிலிருந்து வந்துவிட்டது. அப்போது அது வேடிக்கைப் பொருள். இலங்கை மலை முழுக்கக் காப்பி. 1869-ல் காப்பி இலையில் துருநோய் விழுந்து, சில ஆண்டுகளில் தொழிலே படுத்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்டிருந்தார். அவருக்கு விதை கொடுத்தது பேராதனைதான். காப்பி போன இடத்தில் தேயிலை ஏறியது.

காப்பிக் காலத்திலேயே நம் சனம் போக ஆரம்பித்துவிட்டது. ஆனால் காப்பிக்குப் பறிப்புக் காலத்தில் ஆள் போதும். தேயிலைக்கு வருஷம் பூரா கொழுந்து கிள்ள வேண்டும். குடும்பத்தோடு போய்த் தங்கினால்தான் சரிப்படும். ஒரு செடி மாறியதால் எத்தனை வீடு பூட்டப்பட்டது பாருங்கள்! தூத்துக்குடியில் கப்பல் ஏறப் போனவர்களை முதலில் நிறுத்தி வைத்து, பிளேக், காலரா இருக்கிறதா என்று பார்த்த முகாம் எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தட்டப்பாறையில். 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் வந்த பிறகுதான் அந்த வேலை மண்டபத்துக்குப் போனது. எங்கள் ஆச்சி "கண்டிக்குப் போனவுக" என்று பெருமூச்சு விட்டுச் சொல்லும்போது, சின்ன வயதில் எனக்கு அது ஏதோ சாமி ஊர் மாதிரித்தான் கேட்டது. போனவர்களில் பலரை 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் திருப்பி அனுப்பியது. அவர்களுக்கு வேலை கொடுக்க நம் அரசு 1968-ல் தேயிலை நட்டது எந்த மலையில்? மறுபடி நீலகிரி.

ரப்பர் கதையும் இதே ஜாதிதான். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கியூவுக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. மறுவருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் போயின. அங்கே 1888-ல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் நச்சரித்துத் திரிந்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்றே அவருக்குப் பெயர். பைத்தியம் பலித்ததும் மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அந்தப் பூங்காவுக்குப் பலமுறை போயிருக்கிறேன். டிக்கெட் இல்லை, விடிகாலையிலேயே திறந்துவிடுவார்கள். நம் பையன்கள் அங்கே போனால் தவறவிட வேண்டாம்.

சரி, நம் கரிசலுக்கு என்ன வந்தது? முதலில் சப்பாத்திக்கள்ளி. அதில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். வந்து சேர்ந்த பூச்சி மட்டரகம், சாயத்தொழில் எடுபடவில்லை. பின்னாளில் அந்தக் கள்ளியின் இன்னொரு இனம் தென்னாட்டுத் தரிசையெல்லாம் அடைத்துக்கொண்டது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளி காலி. ஒரு ஜேசிபி கிடையாது, டீசல் செலவு கிடையாது!

இரண்டாவது, சீமைக் கருவேலம். காமராஜர் காலத்தில் தூவிய விதை என்றுதான் நம் பக்கம் டீக்கடை வரை சொல்வார்கள். பரவலாக நட்டது பிற்காலத்தில் என்பது சரி. ஆனால் மரம் வந்தது அதற்கும் முன்னால். வறண்ட பூமிக்கு விறகு மரம் வேண்டும் என்று சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் 1876-ல் விதை கேட்டு எழுதினார். 1877-ல் ஜமைக்கா விதை வந்தது. கேட்ட வருஷத்தைக் கவனியுங்கள். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய வருஷம். அந்த மனுஷனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவின்பேரில் ஊர் ஊராக ஜேசிபி வைத்து வெட்டினார்கள். அப்போது என் சித்தப்பா, "எல்லாத்தையும் வெட்டிட்டா, மூட்டம் போடுறவன் எங்கலே போவான்?" என்று கேட்டார். மானாவாரி பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம்தான் எத்தனையோ வீட்டில் உலை வைத்தது. குளத்துக்குள் நிற்பதை வெட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சித்தப்பா கேள்விக்கும் பதில் வேண்டும் அல்லவா?

போனதும் உண்டு, வந்தது மட்டுமில்லை. நிலாவாரை அரேபியாச் செடி. நம் மானாவாரியில் விளைந்து, தூத்துக்குடி துறைமுகம் வழியே போய், உலக மருந்துச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்று நம் ஜில்லா பெயரை வாங்கிக்கொண்டது. 1834-ல் தன் பட்டாளத்தோடு பெல்லாரியிலிருந்து 710 மைல் நடந்து பாளையங்கோட்டைக்கு வந்த ராபர்ட் வைட் என்ற டாக்டர், நம் பக்கத்துச் செடிகளைச் சேகரித்து உலகத்துக்குக் காட்டினார். அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் இனத்துக்கே வைத்தார் வைட். கம்பெனிக்காரர்களில் இப்படியும் ஒருவர்.

கரிசலுக்கென்று தாவரவியல் பூங்கா யாரும் வைக்கவில்லை. இருப்பது கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை. கருங்கண்ணிப் பருத்தியைத் தேர்ந்தெடுத்துத் தேற்றிய இடம். ஊட்டிக்கு எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகிற தம்பி தங்கைகள், துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு இங்கேயும் ஒருநாள் போய் வரலாம். பருத்தி வெடித்திருக்கிற மாசி, பங்குனியில் போனால் நல்லது. தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.