தில்லியில் பிறந்த இருதய மருந்து

தில்லித் தமிழர்க்குக் கரோல்பாக் புதிய பெயரன்று. அங்கே ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரி இருப்பதையும் பலர் பார்த்திருப்பர். காந்தியடிகள் 1921-ஆம் ஆண்டில் திறந்து வைத்த கல்லூரி அது. பத்தாண்டுகளுக்குப் பின் அங்கே ஒரு வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள், தாறுமாறாகத் துடிக்கும் இருதயத்தை அடக்கும் மருந்துகளுள் ஒன்றாயிற்று என்பதை அறிந்தவர் சிலரே.

அவ்வேர் சர்ப்பகந்தியின் வேர். பாம்புக்கடிக்கும் சித்தப் பிரமைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தது; பீகாரில் இதற்குப் 'பைத்திய மருந்து' என்றே பெயர். கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல்கான், பழைய மருத்துவத்தை இரசாயன ஆராய்ச்சி என்னும் உரைகல்லில் இட்டுப் பார்க்க விரும்பினார். அப்பணிக்கு அவர் தேர்ந்தவர் சலீமுஸ்ஸமான் சித்திகி. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் பயின்று 1927-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். ஓவியம் தீட்டுவதிலும் வல்லவர். ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே ஹக்கீம் மறைந்தார். ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 1931-இல் தாம் பிரித்த பொருளுக்குச் சித்திகி 'அஜ்மலின்' என்று பெயர் சூட்டினார். பின்னர் 1951-இல் அவர் பாகிஸ்தான் சென்றுவிட்டார். ஆயினும் அப்பெயர் இன்றும் உலகத்து மருத்துவ நூல்களில் நிற்கிறது. ஆதரித்த வள்ளலுக்கு இதனினும் நல்ல நினைவுக்கல் உண்டோ?

இருதயத்தை மரப்பட்டையின் சத்தால் அடக்கலாம் என்பதை ஐரோப்பியர் முன்னரே கண்டிருந்தனர். 1912-இல் ஒரு டச்சு வணிகர், ஒரு கிராம் கொயினா உண்டால் தம் ஒழுங்கற்ற துடிப்பு சீராகிவிடுகிறது என்று வென்கபாக் என்னும் மருத்துவரிடம் கூறினார். மருத்துவர் நம்பவில்லை; வணிகர் மறுநாளே செய்து காட்டினார். அதே சிங்கோனாப் பட்டையிலுள்ள கொயினிடின் இன்னும் நன்கு பயன்படுவதை 1918-இல் பிரே என்பவர் எடுத்துக் காட்டினார்.

பயன் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர், கணவாய் மீனின் பெருநரம்பை ஆராய்ந்து வழி திறந்தனர். இருதயத்தின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. மின்னூட்டம் பெற்ற சோடிய அணுக்கள் சட்டென உட்புகும்போது உயிரணு கிளர்ச்சியடைகிறது; பொட்டாசிய அணுக்கள் வெளியேறும்போது அடங்குகிறது. இம்முறை ஓரிடத்தில் பிறழ்ந்தால், மின்னலை வந்த வழியே மீண்டும் சுழன்று துடிப்பைக் குலைக்கும். அஜ்மலினும் கொயினிடினும் சோடிய வாயிலை அடைத்து அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. ஜெர்மனியிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் அஜ்மலின் இருதய மருந்தாக இடம்பெற்றது.

ஆனால் வாயிலை அடைப்பது விளையாட்டன்று. மாரடைப்பிலிருந்து பிழைத்தோருக்கு இவ்வகைப் புது மருந்துகள் இரண்டைக் கொடுத்து அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒழுங்கற்ற துடிப்புகள் மறைந்தன; ஆயினும் மருந்துண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் இறந்தோர் 26 பேரே. 1989-இல் சோதனையின் அப்பகுதி நிறுத்தப்பட்டது. எத்தனையோ மருத்துவர்கள் நன்மை என எண்ணி எழுதிக் கொடுத்து வந்த மருந்துகள் அவை. நாட்டு மருந்துதானே என்று சர்ப்பகந்தி வேரைத் தாமாகவே பொடித்து உண்போர் இச்செய்தியை ஒருகணம் நினைக்க வேண்டும்.

அஜ்மலினுக்கோ பின்னர் வேறொரு வேலை கிடைத்தது. 1992-இல் புருகாடா சகோதரர்கள் ஓர் இருதய நோயை விவரித்தனர். திடகாத்திரமான இளைஞரையும் உறக்கத்திலேயே கொண்டுபோகும் நோய் அது. மின்பதிவிலும் பல வேளைகளில் மறைந்தே கிடக்கும். ஐயமுள்ளவருக்கு மருத்துவமனையில் நரம்பு வழியாக அஜ்மலினைச் சிறுகச் செலுத்துவர். சோடிய வாயில் சற்று அடைபட்டவுடன் மறைந்திருந்த கோடு மின்பதிவில் தலைதூக்கும். அக்கணமே மருந்தை நிறுத்திவிடுவர்.