மடுல்சீமையின் செம்மஞ்சள் தூள்

வீட்டில் எஸ்பிரெஸோ இயந்திரம் வைத்திருப்பவர்களிடையே ஒரு சாதிப் பாகுபாடு உண்டு. பொதியில் ‘100% அரபிகா’ என்று அச்சிட்டிருந்தால் அது உயர்குலம். ரொபஸ்டா கலந்தது என்றால் முகம் சுளிப்பார்கள். எரிந்த ரப்பர் வாசம் என்பார்கள், மலிவுச் சரக்கு என்பார்கள், இன்ஸ்ரன்ற் கோப்பிக்குத்தான் அது லாயக்கு என்பார்கள். ரொறன்ரோவில் இந்தக் கூட்டத்தோடு எனக்குப் பல வருடப் பழக்கம். கொட்டையைப் பற்றி, அரைக்கும் பருமன் பற்றி, தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு பற்றி விடிய விடியப் பேசுவார்கள். ஆனால் ரொபஸ்டா உலகச் சந்தைக்கு ஏன் வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் தோளைக் குலுக்குவார்கள். நான் பதுளையில் பிறந்தவன். அந்தக் கேள்விக்கான பதில் நான் பிறந்த ஊருக்குக் கிழக்கே, மடுல்சீமை மலையில் தொடங்குகிறது.

இலங்கையில் கோப்பி ஆங்கிலேயருக்கு முன்பே இருந்தது. கண்டிச் சிங்களவர் அதன் இலையைக் கறிக்குப் போட்டார்கள், பூவை விகாரையில் வைத்தார்கள், பழத்தைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒல்லாந்தர் கரையோரத்தில் பயிரிட்டுப் பார்த்தும் அது சரிவரவில்லை. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே தோட்டம் போட்டார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸே கண்ணொறுவையில் ஒரு தோட்டம் வைத்திருந்தார். நாட்டை ஆளுகிறவரே தோட்டக்காரர் என்றால் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. அங்கே உற்பத்தி விழுந்தது. 1835இல் லண்டனில் இறக்குமதித் தீர்வை சமப்படுத்தப்பட்டதும் இலங்கைக் கோப்பிக்கு வாசல் திறந்தது. முடிக்குரிய காணி என்று பெயரிட்டு ஏக்கர் 5 சிலிங்குக்கு மலைக்காடு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் நீதிபதிகள், படை அதிகாரிகள், பாதிரிமார் எல்லோரும் இருந்தார்கள். காட்டை வெட்டி, எரித்து, சாம்பலில் கன்று நட்டார்கள்.

வேலை செய்ய ஆள்? கண்டிக் குடியானவருக்குச் சொந்த வயல் இருந்தது. தோட்டத்தில் நாட்கூலியாக முடங்க அவர் வரவில்லை. எனவே மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டினார்கள். தோணியில் மன்னார்க் கரை, பிறகு கால்நடையாக வன்னிக் காட்டுக்குள்ளால் அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அந்தப் பாதையில் கூடவே நடந்தன. 1840களில் இறந்தோர் தொகையை 70,000 என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று மதிப்பிட்டது. இந்த எண்ணை வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள், சிலர் மிகை என்கிறார்கள். எண்ணிக்கை பற்றி வாதிட வேண்டியிருப்பதற்கே காரணம், செத்தவர்களை ஒழுங்காக யாரும் எண்ணவில்லை என்பதுதான். போய்ச் சேர்ந்தவர்களுக்கும் பயணச் செலவு கடனாக முதுகில் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கடனைக் குறித்த ‘துண்டு’ம் கூடவே போகும். அந்தத் துண்டு முறையைச் சட்டம் 1921இல்தான் ஒழித்தது.

1869ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த வருடம்தான் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பி கிருஷிக் கும்மி’ அச்சில் வந்தது. மலையக இலக்கிய வரலாறு பேசுகிறவர்கள் தொடக்கத்தில் வைக்கிற நூல் அது. கோப்பிச் செய்கையின் பெருமை பாடுகிற நூல். துரைமார் பக்கம் நின்று பாடியது என்ற விமர்சனமும் அதற்கு உண்டு. அதே 1869இல்தான் மடுல்சீமையில் ஒரு தோட்டத்துச் செடிகளில் இலையின் அடிப்புறம் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் தூள். இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பாதிரியார் அதைப் புதிய பூஞ்சை என்று இனங்கண்டு ‘ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயர் வைத்தார். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் ‘பாழாக்குகிறவள்’ என்று பொருள்.

துரைமார் பதறவில்லை. 1870இல் ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரை எட்டியிருந்தது. விலையும் ஏறுமுகம். விளைச்சல் குறைந்த இடத்தில் கூடுதல் பசளை போட்டார்கள், காடு மிச்சமிருந்த இடத்தில் இன்னும் வெட்டி நட்டார்கள். ஏக்கர் கூடக் கூட நோய்க்கும் தீனி கூடியது. 1880இல்தான் மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளரை அனுப்பினார்கள். அவர் இரண்டு வருடம் இருந்து வேலை செய்தார். பூஞ்சையின் வித்துகள் காற்றில் பறக்கின்றன, ஈர இலையில் முளைக்கின்றன, மூச்சுத்துளை வழியாக உள்ளே நுழைகின்றன என்று காட்டினார். மலை முழுக்க ஒரே செடியை இடைவெளியின்றி நட்டதும், காற்றைத் தடுக்க மரம் விடாததும் நோய்க்கு வழி வெட்டின என்பதையும் எழுதினார். துரைமாருக்கு வேண்டியிருந்தது மருந்து. கிடைத்தது விளக்கம். 1870இல் 10 கோடி இறாத்தலைத் தாண்டிய ஏற்றுமதி 1889இல் சுமார் 50 இலட்சம் இறாத்தல். 1884இல் ஓரியன்டல் பாங்க் முறிந்தது. பட்டுப்போன கோப்பித் தண்டுகளைப் பட்டை உரித்து, தேநீர் மேசைக்குக் கால்களாக்க இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள் என்று சொல்வார்கள்.

இங்கே ஒரு பிரபலமான கதையை ஒதுக்கித் தள்ள வேண்டும். இலங்கைக் கோப்பி அழிந்ததால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிக்கப் பழகினார்கள் என்று கோப்பிப் புத்தகங்களிலும் கோப்பிக்கடைச் சுவர்களிலும் பார்த்திருப்பீர்கள். அது பிழை. சீனத் தேயிலையை அவர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே தாராளமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மடுல்சீமைத் தூள் மாற்றியது லண்டன்காரரின் கோப்பையை அல்ல. அது மாற்றியது தொண்டியில் தோணி ஏறியவரின் வாழ்க்கையை.

கோப்பிப் பழம் பருவத்துக்குத்தான் பழுக்கும். ஆடி ஆவணியில் வந்து, அறுவடை முடிந்ததும் தை மாசிக்குள் ஊர் திரும்பியவர்கள் ஏராளம். பெரும்பாலும் ஆண்கள். தேயிலை அப்படியல்ல. கொழுந்து வருடம் முழுக்கத் துளிர்க்கும், வாரம் தவறாமல் கிள்ள வேண்டும், கிள்ளப் பெண்களின் கை வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் 1867இல் நட்ட 19 ஏக்கர் தேயிலை கோப்பியின் பிணத்தின்மேல் மலையெங்கும் பரவியபோது, வந்துபோன ஆள் குடும்பத்தோடு லயத்தில் தங்கினார். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களைப் பார்த்து, நீங்கள் வந்துபோகிற ஆட்கள்தானே என்றது. அரசியல்வாதிகள் நாக்கில் அப்போது இருந்த கூலியின் உருவம் கோப்பிக் காலத்து உருவம். எதிரே நின்றவர்களோ பல தலைமுறையாகத் தேயிலையோடு வேரூன்றியவர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தது.

ரொபஸ்டாவுக்கு வருகிறேன். இலங்கையில் முதலில் லைபீரிகா என்ற மேற்காபிரிக்க இனத்தை நட்டுப் பார்த்தார்கள். அதையும் நோய் விடவில்லை. 1876இல் பூஞ்சை ஜாவாவை எட்டியது. அங்கே ஒல்லாந்தர் 1900 அளவில் கொங்கோக் காட்டு இனமான ரொபஸ்டாவை இறக்கினார்கள். அது தாக்குப்பிடித்தது, தாழ்நிலத்திலும் காய்த்தது. அதில் கபேயின் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதே காலத்தில் மிலானில் லூயிஜி பெட்ஸெரா நீராவி அழுத்தத்தால் ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் இயந்திரத்துக்கு 1901இல் காப்புரிமை கேட்டார். அந்த நீராவிக்கு வலு போதாது. கருகிய சுவை வரும், நுரை வராது. அக்கில்லே காஜ்ஜியா இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, வில்லும் நெம்புகோலும் வைத்துத் தண்ணீரைச் சுமார் 9 வளிமண்டல அழுத்தத்தில் தள்ளியபோதுதான் மேலே தேன்நிற நுரைப்படலம் நின்றது. கிரேமா என்கிறோமே, அது. வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட கரியமிலவாயு எண்ணெயோடு சேர்ந்து எழும்பி நிற்பது. ரொபஸ்டா கலந்தால் அது தடிப்பாகவும் நெடுநேரமும் நிற்கும். தென் இத்தாலியக் கடைகள் இதை வெட்கமில்லாமல் செய்கின்றன. அவர்கள் வாங்கும் ரொபஸ்டாவில் கணிசமானது குடகிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் போவது.

உயர்குலத்தின் சங்கதி இன்னும் சுவாரசியம். இந்தியாவிலும் இந்த நோய் 1870களில் அரபிகாவை வாட்டியது. பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940களில் வெளியிட்ட எஸ்.795 இன்று இந்திய அரபிகாவின் முதுகெலும்பு. அதன் பாட்டன் வழியில் லைபீரிகா இரத்தம் ஓடுகிறது. கொலம்பியாவின் காஸ்டில்லோவில் திமோர்த் தீவில் தானாக விளைந்த கலப்பினத்தின் வழியாக ரொபஸ்டா இரத்தம். இரண்டும் ‘100% அரபிகா’ என்றே பொதியில் ஏறுகின்றன. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. பழைய தூய அரபிகாவை அப்படியே நட்டிருந்தால் பல மலைகளில் இன்று பறிக்க எதுவும் இராது. அந்தக் கலப்புக்கு இரங்கற்பா எழுதுகிற நண்பர்களுக்கு நான் மாத்தளைப் பாதையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன், அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

என் அம்மாவுக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. அவருக்குக் கோப்பி என்றால் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து உரலில் இடித்தது. இந்தத் தடவை நான் கலந்திருப்பது எஸ்.795 எண்பது பங்கு, குடகு ரொபஸ்டா இருபது பங்கு. 18 கிராமுக்கு 38 கிராம், 28 செக்கன். கசப்புக் கொஞ்சம் கூடுதல். பால் விட்டால் சரியாகிவிடும்.